பெயர் வெளியே, கை உள்ளே

வேட்டைத் துப்பாக்கி என்ற பேச்சு எழுந்தாலே, விஷயம் தெரிந்தவர்கள் பர்டே என்றும் ஹாலண்டு என்றும் லண்டன் கடைகளின் பெயரைப் பக்தியோடு உச்சரிப்பார்கள். அந்தப் பெயர்களுக்குரிய மரியாதையை நாமும் தரத் தயார்தான். ஆனால் திருகாணியைக் கழற்றி உட்புறம் பார்த்தால், வேறு பெயர்கள் அல்லவா தென்படுகின்றன?

உல்வர்ஹாம்ப்டன் நகரத்து ஜோசப் பிரேசியர் ஸ்தாபனத்தை எடுத்துக்கொள்வோம். 19-ம் நூற்றாண்டில் முதல்தரமான கடைகள் பல, குதிரையும் வில்லும் அடங்கிய விசைப் பூட்டை இவர்களிடமே வாங்கின. வெளியே, பூவேலைக்கு நடுவில் கடைக்காரர் பெயர் மின்னும். பிரேசியரின் முத்திரையோ பூட்டின் உட்பக்கத்தில் ஒளிந்திருக்கும்!

பர்மிங்ஹாமின் துப்பாக்கிப் பேட்டை இன்னும் விசித்திரமானது. சின்னஞ்சிறு பட்டறைகள், ஒருவர் குழலைத் துளைப்பார், ஒருவர் பூட்டை அராவுவார், வேறொருவர் கட்டையைப் பொருத்துவார். இந்தக் கட்டை வேலை இருக்கிறதே, அதற்குப் பொறுமை வேண்டும். இரும்பின் மீது விளக்குப் புகையைப் பிடித்து, வால்நட் மரத்தில் வைத்து அழுத்துவார்கள். கரி படிந்த இடத்தை மட்டும் மயிரிழை சீவுவார்கள். மறுபடி புகை, மறுபடி சீவல். எங்கும் ஒரே சீராகக் கரி படியும் வரையில் ஓய்வதில்லை. இவ்வளவும் ஆன பிறகு, எங்கோ ஒரு சிற்றூர்க் கடைக்காரர் தம் பெயரைப் பொறித்து விற்றுவிடுவார்.

அப்படிப் பிறர் பெயருக்கும் உழைத்துக் கொடுத்தவர்களில் ஒருவர், பர்மிங்ஹாமின் டபிள்யூ அண்டு சி. ஸ்காட். பர்டேயின் 1863-ம் வருஷத்துத் தாழ்ப்பாளும், ஸ்காட்டின் 1865-ம் வருஷத்து நெம்புகோல் அச்சும் சேர்ந்தே ஆங்கிலத் துப்பாக்கியின் வழக்கமான மூடுமுறை ஆயின. பாதிப் புகழ் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது.

பெயரற்றதெல்லாம் உயர்ந்ததென்று நாம் சாதிக்கவில்லை. மட்டமான சரக்கும் அதே பேட்டையிலிருந்து ஏராளமாக வந்ததுண்டு. 1813-ல் ஏற்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச் சாலையில், வழக்கத்தைவிட அதிக மருந்திட்டுச் சுட்டு முத்திரையிடுவார்கள். அது குழலின் பலத்துக்குத்தான் அத்தாட்சி, கைத்திறனுக்கு அல்ல. கைத்திறனை அறியக் கண்தான் வேண்டும்: மரமும் இரும்பும் சேருமிடத்தில் இடைவெளி உண்டா, திருகாணிகளின் பிளவுகள் எல்லாம் ஒரே திசை நோக்குகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

1960-களில் சாலை அமைப்பதற்காகப் பேட்டையின் பெரும் பகுதி இடிபட்டது. அங்கே அரம் பிடித்தவர்களில் எத்தனையோ பேருக்கு அவர்கள் செய்த துப்பாக்கிகளின் மீதுகூடப் பெயர் இல்லை.