திட்டுவதற்கு முன் எத்தனை வாரம் என்று பாருங்கள்

பத்தாவதும் பிளஸ் டூவும் படிக்கும் பிள்ளைகளைப் பெற்ற நம்மிடம்தான் எனக்குக் கோபம். காய்ச்சல் என்றால் டெங்குவா, டைபாய்டா என்று இரவோடு இரவாக ரத்தப் பரிசோதனைக்கு ஓடுகிறோம். அதே பிள்ளை மாதக்கணக்கில் முகம் வாடிக் கிடந்தால், "எல்லாம் செல்போன் பண்ற வேலை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழ வேண்டும் என்பது நம் எண்ணம். அழவில்லையா? அப்படியானால் திமிர்.

பதின்ம வயதில் மனச்சோர்வு பல நேரம் எரிச்சலாகத்தான் வெளிப்படும். சாப்பிடக் கூப்பிட்டால் கதவை அறைந்து சாத்துகிறான். எல்லாப் பையன்களும்தான் சாத்துகிறார்கள் என்பீர்கள். சரி, அவன் சாயங்காலம் கிரிக்கெட்டுக்குப் போவதை நிறுத்தி எத்தனை நாளாகிறது? ஆசையாகச் சாப்பிடும் முட்டை தோசை தட்டிலேயே ஆறிப்போகிறதா? இரவு 2 மணிக்கு நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அவன் கண் கொட்டாமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தானா? இது அநேகமாகத் தினமும் நடந்து, 2 வாரத்தைத் தாண்டி, படிப்பும் பழக்கவழக்கமும் குலைந்தால் தீவிர மனச்சோர்வாக இருக்கலாம். டியூஷனை மாற்றினால் அது சரியாகாது.

இன்னொரு வகை இருக்கிறது. அதை நாம் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு பெண் பள்ளிக்கூடம் போகிறாள், சுமாரான மார்க் வாங்குகிறாள், எதிர்த்துப் பேசுவதில்லை. கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் அவளைச் சொந்தக்காரர்கள் "அடக்கமான பொண்ணு" என்று மெச்சுகிறார்கள், நமக்கும் பெருமை. அவளோ "எனக்கு எதுவும் வராது, நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று ஓயாமல் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த மந்தமான சோர்வு பெரியவர்களுக்கு 2 ஆண்டும் பிள்ளைகளுக்கு ஓராண்டும் நீடித்தாலே மருத்துவர்கள் அதை நீடித்த மனச்சோர்வு என்று கணக்கில் எடுக்கிறார்கள். நாம் "அவ சுபாவமே அப்படித்தான்" என்று ஐந்தாறு வருடம் ஓட்டிவிடுகிறோம்.

அளவுக்கு மீறித் தின்று, பகலெல்லாம் தூங்கும் சோர்வும் உண்டு. நம் வீட்டில் அதற்குச் சோம்பேறி என்று பட்டம். சில நாள் தூக்கமே இல்லாமல் ஓயாத பேச்சும் பெரிய பெரிய திட்டமுமாகப் பறந்துவிட்டு, பிறகு அடியோடு துவண்டு விழும் பிள்ளைக்கு வந்திருப்பது இருதுருவக் கோளாறாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அந்த வேகம் இன்னும் கூடிவிடும். தெரிந்தவர் சாப்பிடும் மாத்திரையின் பெயரைக் கேட்டு வாங்கி வராதீர்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூட இதே போலச் சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

எந்த வகை என்று முடிவு செய்வது மருத்துவர் வேலை. எத்தனை வாரமாக, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று சரியாகச் சொல்வது நம் வேலை. குடும்பத்தில் மனநலம் பாதிக்கப்பட்டு, யாரும் வாய் திறக்காத ஒரு சித்தப்பா இருந்தால் அவர் கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள், சிகிச்சைக்கு அது தேவை. "நாளைக்குக் கல்யாணம் பண்ணிக் கொடுக்கணுமே, வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று மந்திரிக்கவும் பரிகாரத்துக்கும் அலைந்து ஒரு வருடத்தைத் தொலைக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416-இல் நள்ளிரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மாத்திரை எழுதிக் கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். அந்த ஆரம்ப வாரங்களில்தான் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சிரிக்க ஆரம்பித்துவிட்டான் என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று பிள்ளையிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. "ஆமா" என்றால் திட்டாதீர்கள், தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். பூச்சிமருந்தையும் தாத்தாவின் மாத்திரை டப்பாவையும் பூட்டி வையுங்கள். பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், மறுநாள் பொதுத்தேர்வாகவே இருந்தாலும் சரி.