கண்டி மாவட்டத்தில் கஷ்டமே இல்லையாம்

தெல்தோட்டை, கலஹா, புசல்லாவைப் பக்கத்து உறவுகளுக்கு,

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வெளியான ராத்திரி நம் சொந்தத்துக்குள்ளேயே இரண்டு வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஒரு பிள்ளை தெல்தோட்டைப் பக்கம், மற்றப் பிள்ளை ரிகில்லகஸ்கட பக்கம். இரண்டும் விஞ்ஞானப் பிரிவு, இரண்டு வீட்டிலும் அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர். கூடிய புள்ளி எடுத்தவளுக்கு இடமில்லை. குறைந்த புள்ளி எடுத்தவள் அதே பாடநெறிக்குப் போகிறாள். ஒருத்தி கண்டி மாவட்டம், இன்னொருத்தி நுவரெலியா மாவட்டம், அவ்வளவுதான் வித்தியாசம். ரிகில்லகஸ்கட பிள்ளைக்கு என் வாழ்த்து. அவளைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் "என்னத்த செய்ய தம்பி, தலையெழுத்து" என்று சித்தி சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அது தலையெழுத்து இல்லை சித்தி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடா வருடம் அச்சடிக்கிற கைநூலில் இருக்கிற எழுத்து.

அதில் இருப்பது இதுதான். கலைப்பிரிவு போன்ற சிலவற்றைத் தவிர மற்றப் பாடநெறிகளில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 இடம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி. மிச்சம் 5 இடம் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியா இருக்கிறது, பதுளை இருக்கிறது, இரத்தினபுரி இருக்கிறது. கண்டி இல்லை. மாத்தளையும் கேகாலையும்கூட இல்லை. 5 இடம் கைக்கு எட்டாதது மட்டுமல்ல. 55இல் கண்டிக்கு வரும் பங்குக்கும் நம் பிள்ளை கண்டி நகரத்துப் பிள்ளைகளோடுதான் மோத வேண்டும். திரித்துவக் கல்லூரி, தர்மராஜ, கிங்ஸ்வூட், மஹாமாயா, பெண்கள் உயர்தரப் பாடசாலை எல்லாம் அதே மாவட்டக் கணக்கில்தான். பின்னேர டியூஷனுக்கு நகரத்துக்குள்ளேயே நடந்து போகிற பிள்ளையும், கடைசி பஸ் போய்விடும் என்று பாதி வகுப்பில் எழும்பி ஓடுகிற பிள்ளையும் ஒரே வரிசை.

2001இல் வந்த இசட் புள்ளி, கடினமான பாடத்தையும் இலகுவான பாடத்தையும் ஒரே தராசில் நிறுத்தப் பார்க்கிறது. அந்தப் பிள்ளைக்கு இரசாயன ஆய்வுகூடம் இருந்ததா, பௌதிக ஆசிரியர் எந்தத் தவணையில் வந்து எந்தத் தவணையில் இடமாற்றம் வாங்கிப் போனார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியது மாவட்டத்துக்கு. மாவட்டமோ தலதா மாளிகையையும் வாவியையும் பார்த்துவிட்டு, இது நல்ல ஊர் என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறது. நாட்டில் தேயிலைத் தோட்டமே நம் பக்கத்தில்தானே தொடங்கியது, 1867இல், லூல்கந்துரவில்? லயத்து வாழ்க்கைக்கு மூத்த பிள்ளைகள் நாம். பட்டியலில்தான் இல்லை.

எழுபதுகளின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலைப் பற்றி யாழ்ப்பாணத்து நண்பர்கள் இங்கே கனடாவில் இன்னமும் சூடாகப் பேசுவார்கள். முதலில் மொழிவாரியாக, பிறகு 1974இல் மாவட்டக் கோட்டா. அவர்கள் கோபம் நியாயமானது. நமக்கு அன்று கோபப்படக்கூட வழியில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே அந்தப் பத்தாண்டில்தான். ஆனால் கோட்டா முறையை வைத்திருப்பது என்று ஒரு நாடு முடிவெடுத்தால், அதற்குள் யார் அகப்படாமல் போகிறார்கள் என்று பார்க்க ஐம்பது வருடம் போதாதா?

எனக்கு எரிச்சல் வருகிற இடம் இதற்கும் மேலே. எந்தப் பாடசாலை எவ்வளவு கஷ்டம் என்று அரசுக்குத் தெரியாமல் இல்லை. ஆசிரியர் இடமாற்றத்துக்கு என்று வந்தால் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பாடசாலை பாடசாலையாக வகுத்து வைத்திருக்கிறார்கள். நானும் அந்தப் பட்டியலில் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பித்தவன். ஆசிரியருக்குக் கஷ்டமான பாடசாலை, அங்கேயே பதின்மூன்று வருடம் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் எப்படிக் கண்டி நகரமாக மாறிவிடுகிறது?

நான் வேலை செய்வது ஸ்காபரோவில் ஒரு பாடசாலையில். ரொறன்ரோ கல்விச் சபை ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு சுட்டி போடுகிறது. அந்தப் பிள்ளைகளின் குடும்ப வருமானம், அரச உதவிப்பணத்தில் வாழும் வீடுகள், உயர்நிலைப் படிப்பை முடிக்காத பெரியவர்கள், தனித்து வளர்க்கும் பெற்றோர் என்று கணக்கெடுத்துப் பாடசாலைகளை வரிசைப்படுத்தி, தேவை கூடிய இடத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். நகரம் பணக்கார நகரம் என்பதால் ஒரு பாடசாலையும் தப்பிவிடுவதில்லை. இங்கேயும் குறை உண்டு, பெற்றோர் கூட்டத்தில் சண்டையும் உண்டு. ஆனாலும் முதல் வருடம் அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கனடாக்காரன் கதை வேண்டாம் என்பீர்கள். சரி, தமிழ்நாட்டைப் பாருங்கள். நீட் நுழைவுத் தேர்வு வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவத்துக்குப் போவது அரிதாகிவிட்டது. நீதிபதி கலையரசன் தலைமையில் ஆணையம் வைத்தார்கள், 2020இல் அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் வரைக்கும் நீட்டினார்கள். அங்கே கேட்டது பிள்ளை எந்த மாவட்டம் என்றல்ல, எந்தப் பள்ளியில் படித்தது என்று.

நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இப்படிப் பாடசாலையைப் பார்க்கச் சொல்லிக் கேட்டால் இனவாதம் என்பார்களோ என்று பயப்பட வேண்டாம். மினிப்பே, உடுதும்பறைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளையும் இதே கண்டிக் கணக்கில்தான் நசுங்குகிறது. அவர்களையும் கூட்டிக்கொண்டு போனால் மனு கனமாகும். நுவரெலியாவிடமிருந்து எதையும் பிடுங்கவும் வேண்டாம். மாவட்டத்தோடு நிற்காமல் பாடசாலை வரைக்கும் இறங்கி அளக்கச் சொல்லுங்கள். குறைந்தது பிரதேச செயலகப் பிரிவு வரைக்குமாவது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். "சேர், இவ்வளவு பேசுகிற நீங்கள் ஏன் போனீர்கள்?" என் பிள்ளைகளுக்காகப் போனேன். இங்கே என் மகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது எந்த மாவட்டம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன். நான் வந்த பிறகு அங்கே நான் படிப்பித்த வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் வராமல், கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் கலைப்பிரிவுக்குத் திரும்பியதும் எனக்குத் தெரியும். கலஹா பஸ் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு நடுவாலேதான் கண்டிக்குப் போகிறது. யன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டு போகிற பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே இறங்கப் போகிறார்கள் என்று, இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு கேட்க எனக்கு என்ன அருகதை என்றும் தோன்றுகிறது. தோன்றினாலும் கேட்கிறேன்.

சம்பளம், வீடு, காணி என்று நீங்கள் போராடுவது நியாயம். அதோடு இதையும் சேர்க்கச் சொல்லித்தான் கெஞ்சுகிறேன். வோட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள். அதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் ஒன்றுகூடி, கம்பளை, தெனுவர, வத்தேகம, தெல்தெனிய வலயங்களில் எந்தத் தமிழ்ப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம், கணிதம் இருக்கிறது, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எத்தனை காலமாக இல்லை என்று ஒரு பட்டியல் எடுங்கள். சிங்களப் பாடசாலைகளையும் சேருங்கள். மூன்று மொழியிலும் மனு எழுதித் தருவது என் பொறுப்பு, ஆணைக்குழுவுக்கு அனுப்புவதும்.

கோயில் தேருக்குக் கேட்ட காசில் பாதியை இந்தக் கிழமை அனுப்புகிறேன். மற்றப் பாதி பட்டியல் வந்த பிறகு. கோயில் தலைவர் கோபித்துக்கொள்வார், தெரியும்.

உங்கள்,
பழைய கணக்கு சேர்
ஸ்காபரோ