தீயே இல்லாமல் நுரை வெள்ளம்! காவிரிக்கு யார் காவல்?

வீடு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவோம். விமானக் கொட்டகையில் அது பலிக்காது. அங்கே எரிவது எண்ணெய். தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதந்து இன்னும் பரவி எரியும். அதனால் நுரை அடிக்கிறார்கள். 100 லிட்டர் கலவையில் 3 லிட்டர் மருந்து, மீதி தண்ணீர். எண்ணெய் மேல் போர்வை போல மூடித் தீயை அமுக்கிவிடும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் தீயே இல்லாத நேரத்தில் அது பீறிட்டுக் கிளம்பினால்?

கிளம்பியிருக்கிறது. ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல!

மூச்சு முட்டிச் சாவு

அமெரிக்காவில் புளோரிடா மாநிலம், எக்லின் விமானப்படைத் தளம். 2014 ஜனவரி 8-ந் தேதி கொட்டகைக்குள் நுரை கொட்டியது. ஆள் உயரத்துக்கும் மேலே ஏறியது. உள்ளே சிக்கிய காண்டிராக்ட் ஊழியர் ஒருவர் செத்தார். 3 பேருக்குப் பாதிப்பு. தீ? ஒரு பொறி கூட இல்லை!

2022 நவம்பர் 29-ந் தேதி ஹவாய் மாநிலத்தில், கடற்படையின் ரெட் ஹில் எண்ணெய்க் கிடங்கு. பராமரிப்பு வேலை நடந்தபோது சுமார் 4,900 லிட்டர் நுரை மருந்து கொட்டியது. அந்த இடத்துக்குக் கீழேதான் நிலத்தடி நீர்!

2024 ஆகஸ்டு 19-ந் தேதி மெய்ன் மாநிலம், பிரன்ஸ்விக். கடற்படை 2011-ல் காலி செய்துவிட்டுப் போன விமானத் தளம். ஆள் போயும் நுரைத் தொட்டி போகவில்லை. சுமார் 5,500 லிட்டர் மருந்து, 1,90,000 லிட்டர் தண்ணீரோடு கலந்து பொங்கி, சாக்கடை வழியாகக் குளத்துக்கும் கடல் ஓடைக்கும் போனது. அங்கே மீன் பிடித்துச் சாப்பிடாதீர்கள் என்று அரசு எச்சரித்தது.

துருப்பிடித்த வால்வு, கோளாறான கருவி, ரிப்பேர் பார்க்கிறவரின் கைத் தவறு. இதில் ஒன்று போதும். தீயை எதிர்பார்த்துக் காத்திருக்கும் தொட்டி, தீ வராமலே திறந்து கொள்ளும்.

அழியாத விஷம்

சோப்பு நுரைதானே, வெயிலில் காய்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நுரை அடங்கும்; மருந்து அடங்காது. எண்ணெய்த் தீக்குப் பல காலமாக அடித்து வரும் நுரையில் புளோரின் ரசாயனம் இருக்கிறது. மண்ணிலும் தண்ணீரிலும் அழியாது. உடம்பில் சேர்ந்தால் லேசில் வெளியேறாது. இந்த வகையில் பி.எப்.ஓ.ஏ. என்பது மனிதனுக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023-ல் அறிவித்தது. குடிநீரில் ஒரு லட்சம் கோடி பங்குக்கு 4 பங்குக்கு மேல் கூடாது என்று அமெரிக்க அரசு 2024-ல் விதி போட்டது.

அந்த நாட்டு ராணுவமே இந்த நுரையைக் கைவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. கெடு 2024 அக்டோபர். ராணுவம் தவணை வாங்கிக் கொண்டது!

நமக்கு என்ன?

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று வேலூர் சந்தையில் வெற்றிலைக் கட்டு இறக்குகிற விவசாயி கேட்கலாம். காரணம் இருக்கிறது, அண்ணே.

சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. சூலூர் வட்டாரத்துத் தண்ணீர் நொய்யலுக்குப் போகிறது. நொய்யல் எங்கே காவிரியில் கலக்கிறது? கொடுமுடியைத் தாண்டி, நம்ம ஊருக்கு மேலே! திருப்பூர் சாயத் தண்ணீர் அப்படித்தான் இறங்கியது. ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையானது. 2011-ல் ஐகோர்ட்டு சாயப் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அதற்குள் எத்தனை தோட்டம் பாழ்!

சூலூரில் நுரை கொட்டியது என்று நாம் சொல்லவில்லை. கொட்டுவதற்கு முன்னால் கேட்கிறோம், அவ்வளவுதான்.

விமானத் தளம் மட்டுமா? சங்ககிரி மாதிரி பெட்ரோல் கிடங்கு உள்ள ஊர்களுக்கும் இதே கேள்விதான். வேலூர் காவிரிப் பாலத்தில் பெட்ரோல் லாரிகள் ராத்திரி பகலாக ஓடுகின்றன. ஒன்று எரிந்தால் தீயணைப்புப் படை நுரைதான் அடிக்க வேண்டும். உயிர் போகும் நேரத்தில் அடிக்காதே என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் என்ன நுரை அது? கீழே ஓடுவது குடிக்கிற தண்ணீர் ஆயிற்றே!

சென்னையில் அடையாறு, செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரில் இந்த வகை ரசாயனம் இருப்பதாக ஐ.ஐ.டி. ஆய்வு 2024-ல் சொன்னது. காவிரியையும் சோதித்துப் பார்க்க வேண்டாமா?

செய்ய வேண்டியது

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கு எடுக்கட்டும். எந்த இடத்தில், எந்த நுரை, எத்தனை லிட்டர்? ராணுவ ரகசியம் என்று கதவை மூட வேண்டாம். எத்தனை போர் விமானம் என்று யார் கேட்டது? மருந்து எத்தனை லிட்டர் என்றுதான் கேட்கிறோம்.

கொட்டகைச் சாக்கடைக்கு அடைப்பு வால்வும், கொட்டினால் பிடித்து வைக்கத் தொட்டியும் வேண்டும். புளோரின் இல்லாத நுரை வந்துவிட்டது. அதற்கு மாற வேண்டும். எங்கே கொட்டினாலும் அந்த மணி நேரமே கீழ்க்கரை ஊர்களுக்குத் தகவல் வர வேண்டும்.

ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு வந்து காவிரியில் முங்குகிறோம். அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்து கொள்ள நமக்கு உரிமை உண்டு. அதிகாரிகள் வாய் திறப்பார்களா?