அளந்த பின் குறை சொல்வோம்

மாணவ நண்பர்களே! துடியலூரில் தக்காளி வாங்கும்போது தராசைப் பாராமல் காசு கொடுப்பவர் உண்டோ? ஆனால், மாதந்தோறும் பணம் கட்டிப் பெறும் இணைய இணைப்பை நம்மில் எத்தனை பேர் அளந்து பார்த்திருக்கிறோம்? “நெட் ரொம்ப ஸ்லோங்க” என்று அலுத்துக்கொள்வதோடு சரி. அறிவியல் பயிலும் உங்களுக்கு இது அழகன்று.

முதலில் அலகைக் கவனியுங்கள். விளம்பரத்தில் வருவது மெகாபிட். கோப்பின் அளவு மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டே வரும். இதை அறியாதவர், ஏமாந்துவிட்டதாக வீணே வருந்துவர்.

அடுத்து, வேகம் வேறு, சுணக்கம் வேறு. மேட்டுப்பாளையம் சாலையின் அகலம் ஒன்று. அதில் போய்த் திரும்ப ஆகும் நேரம் மற்றொன்று அல்லவா? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சுமார் 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்குச் செய்தி போய் வர, குறைந்தது 5 மில்லிநொடி வேண்டும். எவ்வளவு பணம் கட்டினாலும் இதைக் குறைக்க இயலாது!

இனிச் சோதனை. வீட்டிலுள்ள மற்றக் கருவிகளின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கணினியை ரூட்டருடன் கம்பியால் இணைத்து அளவிடுங்கள். பிறகு அதே கணினியை வைஃபையில் இணைத்து, ரூட்டரின் அருகிலும் பின்கட்டு அறையிலும் அளவிடுங்கள். காலை, மாலை, இரவு என ஒவ்வொரு வேளையும் மும்முறை பார்த்து, நடு மதிப்பைக் குறியுங்கள். ஒரு வாரம் இவ்வாறு செய்தால் உண்மை புலப்படும். பின்கட்டில் மட்டும் வேகம் குறைந்தால் குற்றவாளி சுவராக இருக்கலாம். கம்பியிலும் இரவுதோறும் குறைந்தால், கேள்வி கேட்க வேண்டியது நிறுவனத்தை.

கேட்கும்போது அட்டவணையோடு கேளுங்கள். புகார் எண்ணைத் தவறாமல் பெறுங்கள். தீர்வு கிட்டாவிடில், அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் செல்ல 2012-ஆம் ஆண்டு விதிமுறைகள் வழி செய்துள்ளன.

நிறுவனங்களுக்கும் ஒரு சொல். அகலக்கற்றை எனப்படுவதற்கான குறைந்தபட்ச வேகம் 2023-இல்தான் நொடிக்கு 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்ந்தது. ஆகவே அந்தப் பெயர் மட்டும் பெரிய உறுதி ஆகாது. “100 மெகாபிட் வரை” என்று உச்சத்தை மட்டும் அச்சிடுவது போதுமா? இரவு நேரத்தில் கிடைக்கும் வேகத்தையும் அருகில் அச்சிடுவதே நேர்மை.

அவர்கள் அச்சிடும் வரை, உங்கள் குறிப்பேடே தராசு!