சுகர் இருக்கா? பார்வை தெளிவா இருந்தாலும் கண் டெஸ்ட் ஏன் அவசியம்?

‘பார்வை நல்லாத்தானே இருக்கு?’ என்று கண் டெஸ்ட்டைத் தள்ளிப்போடுகிறீர்களா? சிக்கலே அங்கேதான்.

என்ன நடக்கிறது?
சுகர் பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியும், சில அடைபடும். முற்றினால், எளிதில் உடையும் புதுக் குழாய்கள் முளைக்கும். இதுதான் டயாபடிக் ரெட்டினோபதி. ஆரம்பத்தில் வலியும் இருக்காது, மங்கலும் தெரியாது.

சிகிச்சை பலன் தருமா?
புதுக் குழாய்களைச் சுருக்க லேசர். கசிவைக் குறைக்கக் கண்ணுக்குள் ஊசி. ஊசியால் பலருக்குப் பார்வை ஓரளவு மேம்படும். ஆனால் மருந்தின் வீரியம் சில வாரங்களில் குறைந்துவிடும். ‘சரியாகிடுச்சு’ என்று பாதியில் நிறுத்தினால் கசிவு திரும்பலாம்.

மதுரையில் என்ன வசதி?
1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், விழித்திரைப் படத்தை வைத்தே இந்நோயைக் கண்டறியும் கூகுளின் ஏஐ 2019-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

எப்போது போகணும்?
டைப் 2 என்று தெரிந்ததுமே ஒரு டெஸ்ட்; பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. வீட்டில் அப்பா, அம்மாவுக்கு சுகர் இருந்தால் அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.