பேண்ட்டை மடிச்சு விட்டுட்டுப் பார்த்த கண்காட்சி

“இதுல என்ன இருக்கு? நானே பண்ணிருவேனே!” மாடர்ன் ஆர்ட்டைப் பார்த்ததும் நம்ம பசங்க வாயில வர்ற முதல் வசனம் இதுதான். நானும் சொன்னவன்தான். பொங்கல் லீவுல கொச்சி பினாலேவுக்குப் போய்ட்டு வந்ததுல இருந்து சொல்றதில்லை. ஏன்னு கேளுங்க.

சங்கரன்கோவில்ல இருந்து கொச்சி ரொம்பத் தூரமில்லை. தென்காசி, செங்கோட்டை, புனலூர்னு பஸ் மாறி கொல்லம்; அங்கிருந்து ரயில்ல எர்ணாகுளம்; படகு ஏறினா ஃபோர்ட் கொச்சி. 2012-ல் ஆரம்பிச்ச பினாலே அப்போ ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடந்துச்சு, நான் போனது 2016-17-ல் நடந்த மூணாவது. அப்போ முக்கிய இடம் ஆஸ்பின்வால் ஹவுஸ், கடலை ஒட்டின பழைய குடோன்கள்.

அதுல ஒரு குடோன் முழுக்கக் கடல்தண்ணி. செருப்பைக் கழட்டி, பேண்ட்டை முழங்காலுக்கு மேல மடிச்சு விட்டு அதுக்குள்ள நடக்கணும். வேற எதுவும் கிடையாது. சுவத்துல சில கேள்விகள் மட்டும், நம்மைப் பார்த்துக் கேட்கிற மாதிரி. உண்மையைச் சொல்றேன், அப்போ என் கவலையெல்லாம் பாக்கெட்ல இருந்த போன் மேலதான். நடுவுல நின்னு ஒரு செல்ஃபியும் எடுத்தேன்.

கடைசிச் சுவர்கிட்ட போனப்பதான் விஷயம் தெரிஞ்சது. 2015 செப்டம்பர்ல துருக்கிக் கடற்கரையில் சிவப்புச் சட்டையோட குப்புறக் கிடந்த சிரியக் குழந்தை ஆலன் குர்தியை ஞாபகம் இருக்கா? அவன் அண்ணன் காலிப்பும் அம்மாவும் அதே படகில் வந்து அதே கடல்லதான் மூழ்கினாங்க. ஆலனோட போட்டோ உலகத்தையே சுத்திச்சு. காலிப் பேர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தத் தண்ணி அவனுக்காக.

ஆலன் போட்டோவை நானும் டிபியா வச்சேன். ரெண்டு நாள். அப்புறம் ஒரு படத்தோட ஃபர்ஸ்ட் லுக் வந்துச்சு, மாத்திட்டேன்.

இதைச் செஞ்சவர் ரவுல் சுரீட்டா, சிலி நாட்டுக் கவிஞர். நம்ம ஆளுதான், சிவில் இன்ஜினியரிங் படிச்சவர். 1973-ல் அங்க ராணுவம் ஆட்சியைப் பிடிச்ச அன்னைக்கே மாணவரா இருந்த அவரைப் பிடிச்சுட்டுப் போய் ஒரு சரக்குக் கப்பல்ல அடைச்சாங்க. அந்த ஆட்சி கொன்ன பலரோட உடல்களைக் கடல்ல வீசினாங்க. அவருக்குக் கடல்னா என்னவா இருக்கும்னு யோசிங்க.

நம்ம ஊர்க் கோயில்ல பாம்பு, தேள் உருவத் தகடு வாங்கி உண்டியல்ல போடுறோம். இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா எங்க ஆச்சி சிரிக்கும். மனசுல பயம், கையில தகடு, அவ்வளவுதான் கணக்கு. அந்த ஆச்சியோட பேரன் நான் கண்காட்சிக்குள்ள நுழைஞ்சதும் விளக்கப் பலகையைத் தேடுறேன். (பல பலகைகளோட இங்கிலீஷ் எம்-3 பேப்பரை விடக் கஷ்டம்.) எல்லாம் புரியணும்னு கட்டாயமில்லை மக்களே. கொஞ்ச நேரம் நிக்கணும், அதுதான் என் கட்சி.

செத்துப்போன பிள்ளையை வச்சு ஒரு கண்காட்சியான்னு நீங்க கேட்கலாம். நானும் கேட்டுக்கிட்டேன். சரியான பதில் வரலை. ஆனா டிபி வச்ச ரெண்டு நாள்ல வராத வெட்கம், திரும்பவும் அந்தத் தண்ணி வழியா வெளியே நடந்தப்ப வந்துச்சு.

அந்தக் கண்காட்சி 2017 மார்ச் 29 வரைக்கும் நடந்துச்சு. அடுத்த பினாலே வந்தா கிளம்புங்க. மாத்துறதுக்கு ஒரு பேண்ட் எடுத்துக்கோங்க, எனக்கு ஊர் வந்து சேர்ற வரைக்கும் காயலை.