நோயாளியை ஒதுக்காதீர்!

எய்ட்ஸ் என்ற பேச்சு எழுந்தாலே நம்மவர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி இருப்பதாகக் காதில் விழுந்துவிட்டால், அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்குகிறார்கள். அவர் பிள்ளையோடு தம் பிள்ளையை விளையாட விடுவதில்லை. பேராக் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் குடியேறிய நம் குடும்பங்களிலும் இந்தப் போக்கு ஒழியவேண்டும்.

இக்கிருமி பாதுகாப்பற்ற உடலுறவாலும், கிருமியுள்ள இரத்தத்தாலும், ஒருவர் போட்ட ஊசியை மற்றவர் போடுவதாலும் பரவும். சிகிச்சை பெறாத தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். நிரையில் கடிக்கும் கொசுவால் பரவாது. ஒரே குவளையில் தேநீர் குடிப்பதாலோ, ஒரே வாளியைத் தூக்குவதாலோ, கைகுலுக்குவதாலோ பரவாது.

மலேசியாவில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது 1986-இல். பல ஆண்டுகள் போதை ஊசியே முக்கியக் காரணமாக இருந்தது. 2005-இல் மெத்தடோன் சிகிச்சையும், 2006-இல் சுத்தமான ஊசி வழங்கும் திட்டமும் தொடங்கின. அதன்பின் அவ்வழியாகப் பரவுவது பெரிதும் குறைந்தது. பழிச்சொல் செய்யாததை மருத்துவம் செய்தது! இன்று பெரும்பாலும் உடலுறவின் வழியே பரவுகிறது. ஆகவே ஆணுறை அணிவதில் வெட்கம் வேண்டாம். கர்ப்பிணிகளைச் சோதித்துச் சிகிச்சை அளித்ததன் பயனாக, தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை மலேசியா ஒழித்துவிட்டதென 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இந்நோயை அடியோடு போக்கும் மருந்து பொதுவழக்கில் இன்னும் இல்லை. ஆனால், நாள்தோறும் தவறாமல் மாத்திரை உட்கொள்பவர் மற்றவரைப்போல் உழைத்து நெடுநாள் வாழலாம். சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்து, அந்நிலை நீடித்தால், உடலுறவின் வழியாக அவரிடமிருந்து பிறருக்குப் பரவாது. குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனைகளில் அடிப்படை மருந்து இலவசம். மருந்து இருந்தும் ஒருவர் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிச் சோதனைக்கே போகாமல் மாண்டால், அந்தப் பழி யாரைச் சேரும்?

தொழுநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்க 1930-இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டதை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிரித்துவிடுவார்கள் என்ற அச்சம் நோயை மறைக்கவே தூண்டும். அந்தத் தவற்றை நாம் மீண்டும் செய்யலாகாது.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. தொழிலாளியின் மருத்துவச் சீட்டு உங்கள் கைக்கு வருகிறது. அதிலுள்ள செய்தி அலுவலகப் படி தாண்டக்கூடாது. நீங்கள் வாய்தவறிச் சொல்லும் ஒரு சொல், ஒரு குடும்பத்தின் வாழ்வைக் குலைத்துவிடும்.

எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டி வேலைநீக்கம் செய்யக்கூடாது, தொழிலாளியைக் கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தக்கூடாது என்று 2010-இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் பரிந்துரைத்தது. பரிந்துரை முதலாளியைக் கட்டுப்படுத்தாது. கூட்டு ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். ஆகவே இந்தப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் எழுத்தில் இடம்பெற வேண்டுமென வலியுறுத்துகிறோம்.

தோழர்களே! ஐயமிருந்தால் சோதித்துக்கொள்ளுங்கள். நோயுற்றவர் வீட்டுப் படியேறி ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். தொழிலாளர் ஒற்றுமை அங்கிருந்தே தொடங்கட்டும்!